ஜவ்வாது மலை கிராம சபைகளுக்கு: மின்சாரத்தின் முழுச் செலவைக் கேளுங்கள்

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களே, அக்கா தங்கைகளே, அண்ணன் தம்பிகளே,

திருவண்ணாமலை மாவட்டத்துப் பக்கம் ஜமுனாமரத்தூர், கோவிலூர், நம்மியம்பட்டு, வீரப்பனூர், புலியூர், கானமலை. திருப்பத்தூர் பக்கம் புதூர்நாடு, நெல்லிவாசல், புங்கம்பட்டு. மலையின் இரண்டு பக்கத்து ஊர்களுக்கும் சேர்த்தேதான் இந்த மடலை எழுதுகிறேன். போளூரில் இன்வெர்ட்டர், பேட்டரி, சோலார் தகடு பழுது பார்ப்பது என் தொழில். எந்தக் கம்பெனிக்கும் நான் ஆள் பிடிப்பதில்லை. உங்கள் வீடுகளில் சாமைச் சோறும் பலாச்சுளையும் சாப்பிட்டுப் பழகியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

மலைக்கு மின்சாரத் திட்டம் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் வீட்டுக்கு வீடு சோலார் என்கிறார், இன்னொருவர் ஓடையில் டர்பைன் என்கிறார், மற்றொருவர் விறகை எரித்தே கரண்ட் எடுக்கலாம் என்கிறார். எல்லாருடைய தாளிலும் யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று பெரிய எழுத்தில் ஒரு தொகை இருக்கிறது. அந்தத் தொகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறைந்ததற்குக் கை தூக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். அந்தத் தொகை பொய்யில்லை. ஆனால் கருவி ஓடுகிற நேரத்தில், கருவி இருக்கிற இடத்தில், கருவி புதிதாக இருக்கும் வரை உள்ள விலை அது. நமக்குக் கரண்ட் தேவைப்படும் நேரமும் இடமும் வேறு. அந்த வித்தியாசத்துக்கு யார் பணம் கட்டுவது என்பது எந்தத் தாளிலும் இருக்காது.

முதலில் சோலாரையே எடுத்துக்கொள்வோம். 3 கிலோவாட் அமைக்க 1,80,000 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். மூன்றுக்கு 12 யூனிட், வருடத்துக்கு 4,380. தகடு வருடா வருடம் கொஞ்சம் மங்கும் என்பதையும் கழித்தால் 25 வருடத்தில் சுமார் 1 லட்சம் யூனிட். வகுத்துப் பார்த்தால் யூனிட் 1 ரூபாய் 80 காசு. தகடு 25 வருடம் உழைக்கும், இன்வெர்ட்டர் உழைக்காது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மாற்ற வேண்டும். கடன் வாங்கியிருந்தால் வட்டி உண்டு. இதெல்லாம் சேர்த்தால் 3 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். மலிவுதான், மறுக்கவில்லை.

ஆனால் அந்த 12 யூனிட்டில் பெரும்பங்கு காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் நடுவில் வந்துவிடுகிறது. அப்போது வீட்டில் ஆள் இருப்பதில்லை. கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருப்பீர்கள், அல்லது காட்டில் கடுக்காயோ நெல்லிக்காயோ பொறுக்கிக்கொண்டிருப்பீர்கள். விளக்கும் மின்விசிறியும் பிள்ளைகள் படிப்பும் வேண்டியிருப்பது இரவில். பகல் கரண்ட்டை இரவுக்குக் கொண்டுபோகப் பேட்டரி வேண்டும். நான் பிழைப்பு நடத்துவதே பேட்டரியில்தான் என்பதால் அதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

கடையில் 150 ஆம்பியர் டியூபுலர் பேட்டரி ஒன்று ஏறத்தாழ 15,000 ரூபாய். அதில் 1.8 யூனிட் பிடிக்கும். முழுவதையும் உறிஞ்சினால் சீக்கிரம் செத்துப்போகும், ஆகவே பாதிதான் எடுக்கலாம், நாளைக்கு 0.9 யூனிட். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 4 வருடம் என்று வையுங்கள். மொத்தம் 1,314 யூனிட். 15,000 ரூபாயை அதால் வகுத்தால் யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல். இது கரண்ட்டை உண்டாக்கும் செலவு இல்லை, பகலிலிருந்து இரவுக்குத் தூக்கிவைக்கும் கூலி மட்டும். தாளில் 3 ரூபாய் என்று படித்த கரண்ட், இரவு எட்டு மணிக்கு உங்கள் கூரைக்குக் கீழே 14 ரூபாய்.

அதுவும் நன்றாகப் பார்த்துக்கொண்டால். மலை வீடுகளிலிருந்து வருகிற பேட்டரிகளைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். டெர்மினல் பூத்து வெள்ளையும் பச்சையுமாக உப்புக் கட்டியிருக்கும். மூடியைக் கழற்றினால் தண்ணீர் வற்றித் தகடுகளின் தலை வெளியே தெரியும். டிஸ்டில்ட் வாட்டர் கேனுக்கு மலையிறங்க வேண்டுமென்று சிலர் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருப்பார்கள். அதில் அவர்கள் குற்றம் என்ன இருக்கிறது? பொருளைக் கொண்டுவந்து மாட்டியவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள், மறுபடி ஏறவில்லை. நாலு வருடம் உழைக்க வேண்டியது ஒன்றரை வருடத்தில் போனால், அந்த 11 ரூபாய் 30 ரூபாயைத் தாண்டும். அது டீசல் ஜெனரேட்டர் ஓட்டுகிற செலவு. ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும் பேட்டரியைப் பஸ்ஸில் ஏற்றிப் போளூருக்குக் கொண்டுவருகிற கூலி தனி.

லித்தியம் பேட்டரி வந்துவிட்டதே என்று இளைஞர்கள் கேட்பார்கள். சரியான கேள்வி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 1 யூனிட் பிடிப்பதற்கு இன்றைக்குச் சில்லறை விலை 18,000 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால், எண்பது சதவீதம் எடுக்கலாம், நாலாயிரம் முறை ஏற்றி இறக்கலாம். 3,200 யூனிட், அதாவது யூனிட்டுக்கு 5 ரூபாய் 60 காசு. தண்ணீர் ஊற்ற வேண்டாம். முதல் நாளில் கையை அதிகம் கடிக்கும், ஆனால் பதினோரு வருடம் நிற்கும். ஆகவே பேட்டரி வைத்தே ஆக வேண்டிய இடத்தில் இதையே கேளுங்கள், வைக்க வேண்டாத இடத்தில் எதையும் வைக்காதீர்கள். விலையும் இறங்கிக்கொண்டிருக்கிறது. மின் தொகுப்புக்கான பெரிய பேட்டரிகளுக்கு மத்திய அரசின் சூரிய மின்சக்திக் கழகம் 2022-இல் ஏலம் விட்டபோது ஒரு மெகாவாட்டுக்கு மாத வாடகை 10 லட்சத்து 83 ஆயிரம் ரூபாய் என்று முடிந்தது. 2025 ஏலங்களில், அரசு மானியத்தோடு, அதில் நாலில் ஒரு பங்குக்கும் கீழே போனது. இன்றைய விலையில் பெரிய பேட்டரி ஒன்றை வாங்கி ஊரைக் கட்டிப்போட வேண்டாம்.

விலை இப்படி மாறுவதைக் கமுதியில் தமிழ்நாடே பார்த்தது. 2016-இல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. ஒப்பந்த விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு, அதுவும் 25 வருடத்துக்கு. ஒப்பந்தம் போட்ட 2015-இல் அது அநியாய விலை இல்லை. ஆனால் அடுத்த இரண்டே வருடத்தில் தமிழ்நாட்டு ஏலத்திலேயே 3 ரூபாய் 47 காசுக்கு வந்தது. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1 ரூபாய் 99 காசு. அதைப் படித்துவிட்டு நம் ஊர்த் திட்டக்காரரிடம் ஏன் 2 ரூபாய்க்குத் தரக்கூடாது என்று கேட்காதீர்கள். அது சமவெளியில், ஆயிரக்கணக்கான ஏக்கரில், உயர் அழுத்தக் கம்பி பக்கத்திலேயே இருக்கும் இடத்தின் விலை, அதுவும் பகல் நேரத்துக்கு மட்டும். கமுதியிலிருந்து கற்க வேண்டியது வேறு. ஒரே விலைக்கு நீண்ட வருடம் கையெழுத்துப் போடும் முன் பத்து முறை யோசிக்க வேண்டும்.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் 2016 முதல் இலவசம். நாலு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு டிவி இருக்கிற வீடு பல நேரம் அந்த நூறைத் தாண்டுவதே இல்லை, பில் பூஜ்யம். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கும், உண்மைதான். மீதி ஒரு லட்சத்தைக் கடன் வாங்கிப் போட்டால், கட்டாத பில்லில் எதை மிச்சம் பிடிப்பீர்கள்? சென்னையில் இரண்டு ஏசி ஓடுகிற வீட்டுக்கு அந்தத் திட்டம் லாபம். ஓட்டு வீட்டில் பூஜ்ய பில் கட்டும் அக்காவுக்கு அது மாதத் தவணை மட்டும்தான். கூரை தாங்குமா என்பதையும் பாருங்கள். ஒரு தகடு இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். சீமை ஓட்டிலும் கல்நார் தகட்டிலும் அதை ஏற்றுவது ஆபத்து.

பலா மரத்தையும் கணக்கில் சேருங்கள். ஒரு தகட்டின் மூலையில் கிளை நிழல் விழுந்தாலும், அதோடு தொடராகக் கோத்திருக்கிற எல்லாத் தகடுகளின் உற்பத்தியும் இறங்கும். மாட்ட வருகிறவர் முதலில் சொல்வது, இந்த மரத்தை எடுத்துவிடுங்கள் என்பது. பலா என்றால் வருடா வருடம் காய்க்கிற வருமானம், ஆட்டுக்குத் தழை, வாசலுக்கு நிழல். அதை வெட்டிவிட்டுக் கிடைக்கிற யூனிட்டின் விலையில் பலாவின் விலையைச் சேர்த்தே ஆக வேண்டும்.

அப்படியானால் மலைக்குச் சோலார் வேண்டாம் என்கிறேனா? இல்லை. பகலில் ஓடக்கூடிய வேலைக்கு வையுங்கள் என்கிறேன். சாமை மெஷினுக்கு வையுங்கள்.

சாமையை உமியோடு விற்றால் வியாபாரி சொன்னதுதான் விலை. உமி நீக்கி அரிசியாக விற்றால் பேரம் உங்கள் கையில். உரலில் குத்திய தலைமுறையின் தோள்வலி இங்கே எல்லாருக்கும் தெரியும், ஆகவே மெஷின் வந்தது பெரிய விடுதலை. ஆனால் அறுவடை முடிந்து மூட்டைகள் வரிசை கட்டுகிற நேரத்தில் லோ வோல்டேஜ் வந்தால், மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், சுற்றாது. மோட்டார் சுருள் கருகும் வாடை அடிக்க ஆரம்பித்ததும் பதறி சுவிட்சை அணைக்கிறீர்கள். மோட்டார் எரிந்தால் ரீவைண்டிங்குக்குக் கீழே போக வேண்டும், வாரம் ஓடிவிடும். அதற்குள் பணமுடையில் உமியோடே விற்றுவிடுவீர்கள். வராத கரண்ட்டுக்கு நீங்கள் கொடுத்த விலை அது. எந்த யூனிட் கணக்கிலும் அது எழுதப்படுவதில்லை.

3 குதிரைத்திறன் மோட்டார் 2.2 கிலோவாட். பகலில் ஐந்து மணி நேரம் ஓடினால் 11 யூனிட். இதற்கு 5 கிலோவாட் தகடு தாராளம். பேட்டரி ஏறக்குறைய தேவையே இல்லை, வெயில் இருக்கும்போது அரைப்பீர்கள், அவ்வளவுதான். யூனிட் 3 ரூபாய் என்ற கணக்கு உண்மையாகவே நிற்கிற இடம் இதுதான். ஊராட்சிக் குடிநீர் மோட்டாரும் அப்படித்தான். பகலில் ஏற்றி மேல்நிலைத் தொட்டியை நிரப்பிவிட்டால், தொட்டித் தண்ணீர்தான் பேட்டரி. அந்த மோட்டாரின் பில்லை இப்போது ஊராட்சி கட்டுகிறது. அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயும் ஊருக்கு உண்மையாகக் கைக்கு வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மின்வாரியக் கம்பியோடு இணைத்த சாதாரண சோலார் இன்வெர்ட்டர், கம்பியில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கோளாறு இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். லைன்மேன் கம்பத்தில் ஏறி வேலை செய்யும்போது நம் தகட்டிலிருந்து கரண்ட் பாய்ந்து அவர் உயிரை வாங்கக்கூடாது என்பதற்காக. ஆனால் விற்கிறவர் இதைச் சொல்வதில்லை. மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கம்பி அறுந்து மூன்று நாள் கரண்ட் இல்லாதபோது, நல்ல வெயிலில் தகடுகளைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டியிருக்கும். ஆகவே மெஷினுக்கும், தடுப்பூசி வைத்திருக்கிற சுகாதார நிலையத்துக்கும், கம்பி இல்லாவிட்டாலும் தனியே ஓடக்கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டரையே கேட்க வேண்டும். மோட்டார் கிளம்பும்போது சில மடங்கு கரண்ட் இழுக்கும், அதைத் தாங்கும் அளவா, மென்மையாகக் கிளப்பும் டிரைவ் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். செலவு கூடும். கூடட்டும். அதுதான் உண்மையான விலை.

ஓடையில் டர்பைன் வைப்பது பற்றி. கர்நாடகத்தின் மலைநாட்டுப் பக்கம் சிமோகா, சிக்மகளூர் தோட்டங்களில் வீட்டளவு டர்பைன்கள் நூற்றுக்கணக்கில் ஓடுகின்றன. அங்கே மேற்குத் தொடர்ச்சி மலை மழை, ஓடை பல மாதம் வற்றாது. நம்முடையது கிழக்குத் தொடர்ச்சி மலை. பீமன் அருவி மழைக்குப் பின் எப்படிக் கொட்டுகிறது, சித்திரையில் எப்படி இருக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வருடத்தில் நாலைந்து மாதம் ஓடுகிற கருவியின் யூனிட் விலையைப் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டினால் நம்பாதீர்கள். பெரிய அணைக்கட்டு மின்சாரம் மலிவு என்பார்கள். 1932-இல் நீலகிரியில் பைக்காரா தொடங்கிய காலத்திலிருந்து தமிழ்நாட்டின் மலிவான யூனிட் தண்ணீரிலிருந்துதான் வந்தது. ஆனால் தண்ணீருக்குள் போன காடும் வழித்தடமும் அந்த விலையில் இல்லை. மலையில் வாழ்கிறவர்கள் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

காற்றுக்கு இங்கே பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். தமிழ்நாட்டுக் காற்றாலைகள் நிற்பது பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் கணவாய்கள் வழியே தென்மேற்குக் காற்று பிழிந்துகொண்டு வருகிற இடங்களில். மே முதல் செப்டம்பர் வரை அங்கே கொட்டும், மற்ற மாதங்களில் மெலியும். நம் மலையில் அப்படிப்பட்ட வாசல் இல்லை. ஆனால் ஓடந்துறையை நினைத்துப் பாருங்கள். மேட்டுப்பாளையம் பக்கத்துச் சின்ன ஊராட்சி அது. சண்முகம் தலைவராக இருந்தபோது 2006-இல், ஊராட்சிச் சேமிப்போடு வங்கிக் கடனும் வாங்கி, 1 கோடியே 55 லட்சம் ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. நட்ட இடம் ஓடந்துறை இல்லை, காற்று அடிக்கிற உடுமலைப்பேட்டைப் பக்கம். ஊருக்கு வேண்டியது போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். பல ஊராட்சிகள் சேர்ந்தால் நம்மாலும் இதை யோசிக்க முடியும். ஓடந்துறையில் காற்றாலை ஊராட்சியின் சொத்து. கடன் அடைந்தபின் வருமானமும் ஊராட்சிக்கே. வெளியாள் கொண்டுவந்து வைத்து 25 வருடம் நமக்கே விற்கிற யூனிட்டோடு இதை ஒரே தட்டில் வைக்க முடியாது.

விறகு மின்சாரத்தைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 1.2 கிலோ காய்ந்த விறகு வேண்டும். 20 கிலோவாட் கருவி நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடினால் 160 யூனிட், கிட்டத்தட்ட 200 கிலோ விறகு. மாதத்துக்கு 6 டன். காட்டில் மண்டிக் கிடக்கிற உண்ணிச்செடியை வெட்டி எரித்தால் காட்டுக்கே நல்லது என்கிறார்கள். முதல் வருடம் சரி. பக்கத்தில் இருப்பது தீர்ந்ததும் தூரம் போக வேண்டும், தூரம் போனால் கூலி ஏறும், கூலி ஏறினால் கருவிக்காரர் பக்கத்தில் நிற்கிற மரத்தைப் பார்ப்பார். தாளில் எரிபொருள் இலவசம் என்று போட்டிருந்தால், தலைச்சுமை தூக்கப்போகிற பெண்களின் கூலியும் பூஜ்யம் என்று எழுதிவிட்டார்கள் என்றே அர்த்தம். சந்தன மரங்களைப் பறிகொடுத்த மலை இது. திருப்பத்தூர் சந்தனக் கிடங்கை நிரப்பிய காடு இன்று எப்படி இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

உங்கள் கையில் ஒரு சட்டம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, பள்ளி, குடிநீர், சாலை, மின் கம்பி போன்ற ஊர்த் தேவைகளுக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையோடு ஒதுக்க இடம் தருகிறது. மரபுசாரா எரிசக்தியும் அந்தப் பட்டியலில் உண்டு. கம்பி காட்டைத் தாண்ட முடியவில்லை என்று சொல்லி மின்சாரமே வராத குக்கிராமங்களுக்கு இது வழி. சோலார் நிலையம் என்ற பெயரில் பெரிய இடம் கேட்டு வருகிறவர்களுக்கு இதுவே வேலியும். ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும், ஒரு ஹெக்டேர் என்பது இரண்டரை ஏக்கர்தான். அதற்கு மேல் கேட்டால் அது ஊர்த் தேவைக்கான திட்டம் இல்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். மேய்ச்சல் நிலத்துக்குக் குத்தகை இவ்வளவு என்று ஆசை காட்டினால், ஆடு மாடு எங்கே போகும் என்று முதலில் கேளுங்கள்.

தெருவிளக்கு பற்றி ஒரு சொல். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருப்பதே இந்த மலையின் இருட்டுக்காக. 1986 முதல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. சோலார் தெருவிளக்கு வாங்கும்போது வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி மேலே மூடிய விளக்கைக் கேளுங்கள். வானத்துக்குப் போகிற வெளிச்சம் பேட்டரியைத் தின்னும், அவர்கள் வேலையையும் கெடுக்கும்.

தீர்மானம் எழுதும்போது சில வரிகளைக் கட்டாயம் சேருங்கள். தகட்டுக்கும் இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் தனித்தனி உத்தரவாத வருடம். பழுது என்று சொன்னால் எத்தனை நாளில் ஆள் ஏறி வருவார், வராவிட்டால் என்ன பிடித்தம். ஊரில் இரண்டு பேருக்கு, அதில் ஒருவர் பெண்ணாக, பழுது பார்க்கும் பயிற்சி. பேட்டரி மாற்றுவதற்கென்று தனி வங்கிக் கணக்கு, மெஷினில் அரைக்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சின்னத் தொகை அதில் போய்ச் சேர வேண்டும். செத்த பேட்டரியை விற்றவரே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ஈயமும் அமிலமும் ஓடையில் கலந்தால் அது செய்யாற்றில் இறங்கிக் கீழே குடிக்கிறவர்கள் வரை போகும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன, அதைத் தீர்மானத்திலேயே குறிப்பிடுங்கள்.

கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டால் வருகிறேன், கூலி வேண்டாம். வீட்டு மின் அட்டை, ஊராட்சி மோட்டாரின் கடைசி ஒரு வருட பில், சாமை மெஷின் மோட்டாரில் ஒட்டியிருக்கிற தகட்டின் போட்டோ, வீட்டில் மூலையில் கிடக்கிற பழைய பேட்டரியின் வாரண்டி அட்டை, இவற்றை எடுத்து வாருங்கள். திட்டக்காரர்களையும் அதே கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். எல்லார் முன்னாலும் உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

அன்புடன்,
போளூரிலிருந்து உங்கள் பேட்டரிக்காரர்